டிரா ஆட்டம் என்று பெயர் வாங்கிய ஓப்பனிங்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். செஸ் தெரிந்தவர்கள் பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். தெரியாதவர்களும் படிக்கலாம். இது பாதி விளையாட்டு, பாதி வரலாறு.

செஸ் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளிடம் பேசினால் ஒரு தீர்ப்பு அடிக்கடி காதில் விழுகிறது. "ரூய் லோபஸ் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனா? அது டிரா ஆட்டம் சார். பயந்தவங்க ஆடுறது." பதினொரு வயதுப் பிள்ளை இதை நீதிபதி மாதிரி சொல்கிறது. யாரோ சொல்லிக் கொடுத்ததைத்தானே அது சொல்லும்? ஆனால் வரலாற்றைப் புரட்டினால் வேறு கதை வருகிறது. கட்டாயம் ஜெயித்தே ஆக வேண்டும் என்ற நாளில், உலகத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர் கையில் எடுத்தது இந்தப் "பயந்த" ஆட்டத்தைத்தான். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

முதலில் அந்த ஓப்பனிங் என்ன என்று பார்த்துவிடுவோம்.

ரூய் லோபஸ் என்பவர் ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார். 1561-இல் செஸ் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். வெள்ளை ராஜாவின் சிப்பாயை இ4-க்குத் தள்ளுகிறது, கறுப்பு இ5 வைக்கிறது. வெள்ளைக் குதிரை எஃப்3-க்கு வந்து அந்தச் சிப்பாயைத் தாக்குகிறது, கறுப்புக் குதிரை சி6-க்கு வந்து காக்கிறது. மூன்றாவதாக வெள்ளை பிஷப் பி5-க்குப் போய், காவல் நிற்கும் அந்தக் குதிரையை முறைக்கிறது. இந்த மூன்றாவது நகர்த்தலுக்குத்தான் அவர் பெயர் நிலைத்தது. ஸ்பானிஷ் ஓப்பனிங் என்றும் சொல்வார்கள்.

இதற்குக் கறுப்பு தரும் வழக்கமான பதில் ஏ6. சின்னச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி, "பின்வாங்கு, இல்லையென்றால் வெட்டு" என்று பிஷப்பிடம் கேட்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்க மேதை பால் மோர்ஃபியின் பெயரால் இதை மோர்ஃபி தற்காப்பு என்கிறார்கள். இன்றுவரை ரூய் லோபஸுக்கு எதிராக அதிகம் ஆடப்படும் தற்காப்பு இதுவே.

பெரும்பாலோர் பிஷப்பை ஏ4-க்குப் பின்வாங்குவார்கள். அதற்குப் பின்னால் கடல் அளவு பாடம் இருக்கிறது. இன்னொரு வழி, குதிரையை வெட்டிவிடுவது. அதுதான் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன். கறுப்பு தன் டி சிப்பாயால் பிஷப்பைத் திருப்பி வெட்டும். "காவல்காரக் குதிரை போய்விட்டதே, இ5 சிப்பாயை எடுத்துக்கொள்ளலாமே" என்று தோன்றும். எடுத்தால் கறுப்பு ராணி டி4-க்கு வந்து, வெள்ளைக் குதிரையையும் இ4 சிப்பாயையும் ஒரே நேரத்தில் தாக்கிச் சிப்பாயைத் திரும்ப வாங்கிவிடும். ஆகவே இங்கே உடனடிச் சிப்பாய் லாபம் கிடையாது.

பிறகு வெள்ளைக்கு என்னதான் கிடைக்கிறது? இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வெள்ளை டி4 வைத்து, சிப்பாய்களும் ராணிகளும் வெட்டுப்பட்டுப் போன பிறகு எண்ணிப் பாருங்கள். ராஜா பக்கம் வெள்ளைக்கு நான்கு சிப்பாய், கறுப்புக்கு மூன்று. ராணி பக்கம் கறுப்புக்கு நான்கு, வெள்ளைக்கு மூன்று. ஆனால் கறுப்பின் நான்கில் இரண்டு சி வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன. வெள்ளை தன் நான்கை முறையாகத் தள்ளினால் தடையில்லாத ஒரு சிப்பாய் உருவாகிவிடும். கறுப்பின் நான்கிலிருந்து, வெள்ளை சரியாக ஆடினால், அப்படி ஒன்று சுலபத்தில் வராது. மற்ற காய்கள் எல்லாம் பலகையை விட்டுப் போய்விட்டால், ராஜாவும் சிப்பாயும் மட்டும் இருக்கும் அந்த ஆட்டத்தில் வெள்ளைதான் ஜெயிக்கும்.

கறுப்புக்கு ஈடாகக் கிடைப்பது இரண்டு பிஷப். பலகை திறந்திருக்கும்போது இரண்டு பிஷப்பும் சேர்ந்து நின்றால் பெரிய பலம். ஆக, வெள்ளைக்கு நீண்டகாலச் சொத்து, கறுப்புக்குக் கைப்பணம். கைப்பணம் தீர்வதற்குள் கறுப்பு ஏதாவது செய்தாக வேண்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது தலைகீழாகும்.

இனி 1914-க்குப் போவோம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க், ஜார் ஆண்ட ரஷ்யாவின் தலைநகரம். ஏப்ரல், மே மாதங்களில் ஒரு பெரிய போட்டி நடந்தது. பதினொரு பேர். அவர்களில் ஐந்து பேர் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள், முதல் சுற்றில் எடுத்த புள்ளிகளும் கூடவே வரும் என்பது விதி. 72 வயது பிளாக்பர்ன் முதல் இளைஞர் அலெகின் வரை ஆடினார்கள். உலகப் பட்டத்துக்கு அடுத்தவர் என்று பேசப்பட்ட ரூபின்ஸ்டைன் முதல் சுற்றிலேயே வெளியேறினார்.

எல்லோர் கண்ணும் இரண்டு பேர் மேல். ஒருவர் இமானுவேல் லாஸ்கர். ஜெர்மன் யூதர், வயது 45. 1894-இல் ஸ்டைனிட்ஸை வென்று உலகப் பட்டம் பெற்று, இருபது ஆண்டுகளாக அதை வைத்திருந்தவர். செஸ் அவருக்கு ஒரு முகம்தான். கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். 1905-இல் அவர் எழுதிய ஆய்வின் வழியாக, லாஸ்கர்–நோதர் தேற்றம் என்று இன்றும் அல்ஜீப்ரா மாணவர்கள் அவர் பெயரைப் படிக்கிறார்கள்.

மற்றவர் ஹோசே ரவுல் காபாபிளாங்கா. கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர், வயது 25. ஆட்டத்தில் தவறு தேடினாலும் கிடைக்காது என்று பெயர் எடுத்தவர். 1911-இல் இருவருக்கும் உலகப் பட்டப் போட்டி நடத்தப் பேச்சு நடந்து, நிபந்தனைகளில் முறிந்தது. அதிலிருந்து இருவருக்கும் மனஸ்தாபம்.

முதல் சுற்று முடிந்தபோது காபாபிளாங்கா 8 புள்ளி. லாஸ்கர் ஆறரை. அந்தத் தரத்தில் ஒன்றரைப் புள்ளி என்பது மலை. இறுதிச் சுற்றில் லாஸ்கர் வேகமெடுத்து இடைவெளியைக் குறைத்தார். ஆனாலும் மே 18 அன்று இருவரும் இரண்டாவது முறையாக எதிரெதிரே உட்கார்ந்தபோது முன்னிலை காபாபிளாங்காவிடம்தான். அவருக்கு டிரா போதும். லாஸ்கருக்கு வெற்றி வேண்டும். வெள்ளைக் காய்கள் லாஸ்கருக்கு.

இந்த நிலையில் நம் பதினொரு வயது நீதிபதியைக் கேட்டால் என்ன சொல்லும்? "சிக்கலாக ஆடு, தியாகம் செய், குழப்பு." லாஸ்கர் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன் ஆடினார். ஏழாவது நகர்த்தலுக்குள் இரண்டு ராணிகளும் பலகையில் இல்லை. ஜெயித்தே ஆக வேண்டியவர் ராணியை மாற்றிக்கொள்கிறார்!

இதற்குப் பின்னால் வந்த விளக்கம் புகழ்பெற்றது. லாஸ்கர் மனோதத்துவ ஆட்டக்காரர், எதிராளியின் மனதோடு ஆடுவார் என்று ரிச்சர்ட் ரேட்டி போன்றவர்கள் எழுதினார்கள். காபாபிளாங்கா டிராவுக்கு அமைதியாக ஆட நினைத்து வந்தார், இந்த ஓப்பனிங்கிலோ கறுப்பு சுறுசுறுப்பாக ஆடினால்தான் பிழைக்கும், எனவே அவர் மனநிலைக்குப் பொருந்தாத நிலையில் அவரை உட்கார வைத்துவிட்டார் என்பது அந்த விளக்கம். அழகான விளக்கம்தான். அதில் உண்மையும் இருக்கலாம்.

ஆனால் வரலாற்றில் அழகான விளக்கம் கிடைத்தவுடன், அதற்கு முந்தைய பக்கத்தையும் ஒருமுறை திருப்பிப் பார்க்க வேண்டும். 1908-இல் லாஸ்கர் உலகப் பட்டத்தைக் காக்க டாராஷ் என்ற ஜெர்மன் மருத்துவரோடு ஆடினார். ஜெர்மனியின் ட்யூசல்டார்ஃப் நகரில் முதல் ஆட்டம். அதிலும் லாஸ்கர் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷன்தான் ஆடினார். ஜெயித்தார். அப்போது காபாபிளாங்காவின் மனநிலை எங்கிருந்து வந்தது? இது அன்று காலையில் யோசித்த தந்திரமில்லை. அந்த ஓப்பனிங்கில் வெற்றி இருக்கிறது என்று அவர் பல ஆண்டுகளாக நம்பினார். தனக்கு நன்றாகத் தெரிந்ததை, தேவைப்பட்ட நாளில் எடுத்தார். எனக்கு இது மாயமந்திரத்தைவிடப் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஆட்டத்துக்கு வருவோம். பன்னிரண்டாவது நகர்த்தலில் லாஸ்கர் தன் சிப்பாயை எஃப்4-இலிருந்து எஃப்5-க்குத் தள்ளினார். பாடப்புத்தகப்படி இது குற்றம். ராஜா பக்கத்து நான்கு சிப்பாய்களும் கைகோத்து முன்னேற வேண்டும் என்பதுதானே கணக்கு? இப்போது இ4 சிப்பாய் தனியாகப் பின்தங்கிவிட்டது. இ5 கட்டம் கறுப்புக் காய்களுக்கு நல்ல திண்ணை ஆகிவிட்டது.

பதினான்காவது நகர்த்தலில் இன்னொன்று. தன் பிஷப்பைக் கொடுத்து, டி6-இல் இருந்த கறுப்பு பிஷப்பை வெட்டினார். கறுப்பு சி7 சிப்பாயால் திருப்பி வெட்டியது. கவனியுங்கள், ஒன்றன் பின் ஒன்றாக நின்ற அந்த இரட்டைச் சிப்பாய் இப்போது பிரிந்து சரியாகிவிட்டது. அதாவது இந்த ஓப்பனிங்கில் வெள்ளைக்கு இருக்கும் நிரந்தரச் சொத்து என்று மேலே ஒரு கணக்கு சொன்னேனே, அதை லாஸ்கர் தன் கையாலேயே கலைத்துவிட்டார்.

எதற்காக? பதிலுக்குக் கறுப்பின் இரண்டு பிஷப் பலம் போயிற்று. மீதமிருந்த ஒரு பிஷப் பி7-இல் நின்றது. அதன் பாதையைக் கறுப்பின் சொந்தச் சிப்பாயே சி6-இல் மறித்துக்கொண்டிருந்தது. அதோடு, எஃப்5 சிப்பாயின் துணையில் இ6 கட்டம் வெள்ளைக்குத் திறந்தது. பதினாறாவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை அங்கே போய் உட்கார்ந்தது.

எதிரியின் வீட்டு நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி. அங்கிருந்து டி8, எஃப்8, சி7, ஜி7 என்று எல்லா அறைகளையும் அது பார்த்தது. கறுப்பு யானைகள் ஏழாவது வரிசையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகர்ந்தன. பிஷப் இருபத்தோராவது நகர்த்தலில் ஏ8 மூலைக்கே போய்ச் சேர்ந்தது. உலகமே வியந்த காபாபிளாங்காவுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. லாஸ்கர் அவசரப்படவில்லை. ராஜாவை மெல்ல முன்னே கொண்டுவந்தார், சிப்பாய்களைத் தள்ளினார், ஹெச் வரிசையைத் திறந்து இரண்டு யானைகளையும் அங்கே நிறுத்தினார்.

பிறகு முப்பத்தைந்தாவது நகர்த்தல். பின்தங்கிய சிப்பாய், பலவீனம் என்று சொன்னோமே, அந்த இ4 சிப்பாயை இ5-க்குத் தள்ளி பலி கொடுத்தார். அது வெட்டுப்பட்டதும் இ4 கட்டம் காலியானது. அதுவரை சி3-இல் சும்மா நின்ற இன்னொரு குதிரை அந்தக் கட்டத்தில் குதித்தது. இருபத்தொரு நகர்த்தல்கள் இ6-இல் உட்கார்ந்திருந்த குதிரை எழுந்து சி5-க்குப் போனது, அடுத்த நகர்த்தலில் ஒரு யானையை வெட்டியது. நாற்பத்திரண்டாவது நகர்த்தலில் காபாபிளாங்கா தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அதிர்ச்சி அத்தோடு நிற்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் காபாபிளாங்கா டாராஷிடமும் தோற்றார். இறுதிக் கணக்கு: லாஸ்கர் பதிமூன்றரை, காபாபிளாங்கா பதிமூன்று. இறுதிச் சுற்றின் எட்டு ஆட்டங்களில் லாஸ்கர் எடுத்தது ஏழு புள்ளி. முறிந்திருந்த பேச்சும் அந்த ஊரிலேயே ஒட்டிக்கொண்டது, இருவரும் சமாதானமானார்கள்.

இந்தப் போட்டியைப் பற்றி ஒரு கதை உலவுகிறது. ஜார் இரண்டாம் நிக்கோலஸ் இறுதிச் சுற்றின் ஐந்து பேருக்கும் "கிராண்ட்மாஸ்டர்" பட்டம் கொடுத்தார், அப்படித்தான் அந்தப் பட்டமே பிறந்தது என்று. இது அந்த ஐவரில் ஒருவரான மார்ஷலின் சுயசரிதையில் வருகிறது. அந்தப் புத்தகம் வெளிவந்த ஆண்டு 1942. அதாவது இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து. செஸ் வரலாற்று ஆய்வாளர்கள் தேடியும் 1914-ஆம் ஆண்டுச் செய்திகளில் இதற்குச் சான்று கிட்டவில்லை. "கிராண்ட்மாஸ்டர்" என்ற சொல்லும் அதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கதை என்று சொல்லியே சொல்லுங்கள்.

போட்டி முடிந்தது மே 22. பத்து வாரத்துக்குள் முதல் உலகப் போர். ஜெர்மனியும் ரஷ்யாவும் எதிரி நாடுகள். ஜெர்மனியின் மான்ஹைமில் நடந்துகொண்டிருந்த அடுத்த பெரிய போட்டி பாதியில் நின்றது, அலெகின் உட்பட ரஷ்ய ஆட்டக்காரர்கள் பிடித்து வைக்கப்பட்டார்கள். அதே ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தன் பெயரையே இழந்து பெட்ரோகிராட் ஆனது.

ஓப்பனிங்குக்கு என்ன ஆயிற்று? 1921-இல் ஹவானாவில் காபாபிளாங்கா நான்கு வெற்றி, பத்து டிரா, தோல்வியே இல்லாமல் லாஸ்கரிடமிருந்து உலகப் பட்டத்தை வாங்கினார். எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனுக்குக் கறுப்பு எப்படி ஆட வேண்டும் என்று மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள். ராணிகள் சீக்கிரம் போய்விடும், கறுப்பு கவனமாக இருந்தால் சமம், அவ்வளவுதான் என்ற எண்ணம் பரவியது. "டிரா ஆட்டம்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

பெயரைக் கிழித்தவர் பாபி ஃபிஷர். 1966 செஸ் ஒலிம்பியாட். அமெரிக்காவின் முதல் பலகையில் அவர். டிராவுக்காக ஆடுகிறவர் என்று அவரை அவருடைய எதிரிகள்கூடச் சொன்னதில்லை. அங்கே அவர் எக்ஸ்சேஞ்ச் வேரியேஷனை எடுத்து ஹங்கேரியின் போர்டிஷ், யுகோஸ்லாவியாவின் கிளிகோரிச், கியூபாவின் ஹிமெனெஸ் மூவரையும் வென்றார். கிளிகோரிச் உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவர். அவரோடு ஆடிய ஆட்டம் இருபத்தைந்தே நகர்த்தல்.

ஃபிஷர் அதே ஓப்பனிங்கில் ஒரே ஒரு இடத்தை மாற்றினார். ஐந்தாவது நகர்த்தலில் லாஸ்கர் டி4 வைத்தார், ராணிகள் போயின. ஃபிஷர் அங்கே ராஜாவை கேஸ்லிங் செய்தார். இது டச்சு ஆட்டக்காரர் பாரென்ட்ரெக்ட் ஆடிவந்த வழி. பார்த்தால் இன்னும் அமைதியான நகர்த்தல். ஆனால் இப்போது இ5 சிப்பாயை வெட்டும் மிரட்டல் உண்மையாகிவிட்டது. கறுப்பு ராணி பழையபடி டி4-க்கு வந்து இ4 சிப்பாயை எடுத்தால், வெள்ளை யானை இ1-க்கு வந்து, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் ராணியைக் கட்டிப் பிடித்துவிடும். ஆகவே கறுப்பு முதலில் சிப்பாயைக் காக்க வழி தேட வேண்டும், வெள்ளை ராணியைக் கையில் வைத்துக்கொண்டே அதே சொத்தோடு ஆடலாம்.

இந்த ஒலிம்பியாட் நடந்த ஊர் எது தெரியுமா? ஹவானா. காபாபிளாங்கா பிறந்த ஊர். அவரை வீழ்த்திய ஓப்பனிங் 52 ஆண்டுகள் கழித்து அவர் ஊரிலேயே உயிர் பெற்றது. 1992-இல் ஃபிஷர் மீண்டும் ஸ்பாஸ்கியோடு ஆடியபோதும், ஒன்பதாவது ஆட்டத்தில் இதே ஓப்பனிங். ஸ்பாஸ்கி இருபத்தொரு நகர்த்தலில் தோற்றார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று. உறுதியான ஓப்பனிங் என்பது ஆட்டத்தை முடித்து வைப்பதில்லை. அது நமக்கு நிற்பதற்கு ஒரு தரை கொடுக்கிறது, அவ்வளவுதான். டிரா கேட்பவர் அந்தத் தரையில் உட்கார்ந்துவிடுகிறார். லாஸ்கர் அதில் நின்றுகொண்டு ஆட்டத்தைப் பார்த்தார். பாடப்புத்தகம் தந்த சொத்தைவிட நல்லது ஒன்று கண்ணில் பட்டபோது, சொத்தைக் கொடுத்து அதை வாங்கினார். இரட்டைச் சிப்பாயைச் சரியாக்கிக் கொடுத்துவிட்டு ஒரு குதிரைக்கு நாற்காலி வாங்கினார். இந்தக் கணக்கு மனப்பாடத்தில் வராது. நிலையை முழுவதும் புரிந்துகொண்டவருக்குத்தான் வரும்.

நம் பிள்ளைகளுக்கு இன்று பொறிகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பத்து நகர்த்தலில் ஜெயிப்பது எப்படி என்று காணொலி காட்டுகிறோம். எதிராளி பொறியில் விழாத அன்று, அந்தப் பிள்ளைக்குப் பதினோராவது நகர்த்தல் தெரியாது. ராணிகள் போன பலகையைப் பார்த்ததும் "டிராவா?" என்று கை நீட்டுகிறது. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். அங்கிருந்து ஆட யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் குறை.

அந்த இருவர் கதையையும் முடித்துவிடுகிறேன். 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் லாஸ்கரும் மனைவி மார்த்தாவும் ஜெர்மனியை விட்டு வெளியேறினார்கள், சொத்துகள் பறிபோயின. பிழைப்புக்காக மறுபடியும் போட்டி ஆட வந்தார். 1935-இல் மாஸ்கோவில், 66 வயதில், ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் மூன்றாம் இடம் பிடித்தார். நான்காம் இடம் காபாபிளாங்காவுக்கு. அங்கேயும் லாஸ்கர் அவரை ஒரு ஆட்டத்தில் வென்றார். 1941 ஜனவரியில் நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் லாஸ்கர் காலமானார். அடுத்த ஆண்டு மார்ச்சில், அதே மருத்துவமனையில் காபாபிளாங்கா.

வீட்டில் செஸ் ஆடுகிற பிள்ளை இருந்தால், 1914 மே 18 ஆட்டத்தை இணையத்தில் தேடி எடுத்து, பலகையில் வைத்து ஆடிப் பாருங்கள். மூன்று இடங்களில் நிறுத்துங்கள். 12, 14, 35. ஒவ்வொரு இடத்திலும் "நீ என்ன ஆடுவாய்? ஏன்?" என்று மட்டும் கேளுங்கள். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். பிள்ளை கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும்.